படி இல்லாத மரவீடு

2024 ஜூலை 3, புதன்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். மேல்காற்று பேயாய் அடித்துக்கொண்டிருந்தது. வானத்தில் மூன்றே மூன்று மேகம்; அவையும் கடல் பக்கம் ஓடிக்கொண்டிருந்தன. தூத்துக்குடியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் மாடிப்படியில், கீழிருந்து எண்ணினால் இருபத்திரண்டாவது படியில், கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு என் மனைவி உட்கார்ந்துவிட்டாள்.

வீடு இரண்டாவது மாடியில் இருந்தது. மொத்தம் முப்பத்தெட்டுப் படி. பதினோரு வருடமாக ஏறி இறங்கிய படிகள்தான். ஆனால் அவளுடைய முட்டு இரண்டும் அதற்குள் தேய்ந்துபோயிருந்தன. நான் இருபத்து மூன்றாவது படியில் நின்றேன். பக்கத்தில் உட்காரலாம் என்றால் படியின் அகலம் இரண்டடி பதினோரு அங்குலம்தான்.

"ஏளா, எந்திரி. ஆளு வருவாங்க."

"வரட்டும். தாண்டிப் போகட்டும்."

"இன்னும் பதினாறு படிதான் இருக்கு."

"அந்தப் பதினாறையும் நீங்க ஏறுங்க. எண்ணிக்கிட்டே ஏறுங்க. அதானே ஒங்களுக்குப் பிடிக்கும்."

முப்பத்தோரு நிமிடம் அப்படியே இருந்தாள். இரண்டு பேர் தாண்டிப் போனார்கள். ஒருவர் கீரை என்ன விலை என்று கேட்டார். பிறகு சுவரைப் பிடித்து எழுந்து, மேலே வந்து, நாற்காலியில் அமர்ந்து, என்னைப் பார்த்துச் சொன்னாள். முப்பத்தாறு வருடம் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள். ஒன்றைச் சொன்னால் மறுமுறை சொல்கிற வழக்கம் அவளிடம் கிடையாது.

"இனி நான் இந்தப் படியில எறங்குனா அது கடைசித் தடவையாத்தான் இருக்கும். போற வீட்டுல ஒரு படி இருக்கக்கூடாது. ஒரே ஒரு படி இருந்தாலும் வாசல்லயே திரும்பிருவேன்."

திரும்பி எங்கே போவாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற முகமாக அது இல்லை.

சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். அவள் வலியைப் பார்த்தல்ல. வீடு கட்டச் சொல்லிவிட்டாளே என்றுதான். நான் துறைமுகத்தில் முப்பத்து மூன்று வருடம் சரக்கு எண்ணும் குமாஸ்தாவாக இருந்தவன். கப்பலிலிருந்து கிரேனில் இறங்குகிற மரத்தடிகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று கோடு போட்டுக் கோடு போட்டே தலை நரைத்தவன். எத்தனை ஆயிரம் தடிகள் என் கண்ணெதிரே போய் யாராருடைய கதவாகவோ கட்டிலாகவோ ஆகியிருக்கும்! ஒரு தடியாவது எனக்கென்று இறங்கியதில்லை. மரத்தில் ஒரு வீடு, முழுக்க மரத்தில், என்று ரகசியமாக ஆசைப்பட்டிருந்தேன். வெளியே சொன்னால் கரையான் என்பார்கள். கரையானுக்கு நானும்தான் பயந்தேன். பயந்துகொண்டே ஆசைப்பட்டேன்.

இடமும் இருந்தது. சாத்தான்குளத்திலிருந்து கடலைப் பார்த்து வரும் வழியில், சிவப்பு மணல்மேடான தேரியின் ஓரத்தில், அவளுடைய பங்காக வந்த தோட்டம். ஏழு கொல்லாமரம், அதாவது முந்திரி; நான்கு பனை. எழுபத்திரண்டடி நீளம், நாற்பத்தெட்டடி அகலம். எட்டு சென்ட்டு என்றுதான் பேர், கொஞ்சம் குறையும். எவ்வளவு குறையும் என்பதை அவளுடைய தம்பியிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறேன்.

அந்தத் தம்பி, அதாவது என் மச்சினன், சாத்தான்குளத்தில் சிமெண்ட்டும் கம்பியும் விற்கிறவன். நல்லவன், ஆனால் உலகத்தில் எந்தக் குறைக்கும் சிமெண்ட் பூசினால் சரியாகிவிடும் என்று நினைப்பவன். இருவருமாகப் போய், தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாயை ஆளுக்கொரு முனையில் பிடித்து நிலத்தின் மட்டம் பார்த்தோம். வடக்கே ரோட்டோரம் மேடு. தெற்கே போகப் போகச் சரிவு. கடைசி எல்லையில் ஒன்பதடி நான்கு அங்குலம் பள்ளம்.

"அத்தான், இதுல படி இல்லாம வீடா?" என்றான். "பதினஞ்சு படி வேணும். இல்லன்னா இருநூறு லோடு மண்ணடிச்சு, சுத்திச் சுவர் எழுப்பி, பெல்ட்டு போட்டு..."

"எத்தன மூட்டை சிமெண்ட்?"

"அதெல்லாம் நமக்குள்ள பாத்துக்கிடலாம் அத்தான்."

அன்றே ஒரு கட்டம் போட்ட நோட்டு வாங்கினேன். ஒரு கட்டம் ஓரடி. வரைய ஆரம்பித்தேன்.

என் கணக்கு இதுதான். நாங்கள் இரண்டு பேர். சென்னையிலிருந்து விடுமுறைக்கு மகள், மருமகன், பேத்திகள் இருவர். ஆக ஆறு பேர் படுக்க வேண்டும். கட்டில் நான்கு. சட்டை மாட்ட ஆளுக்கு மூன்று கொக்கி, பதினெட்டு. கழிப்பறை ஒன்று, அதன் கதவு சக்கர நாற்காலி நுழைகிற அகலத்தில். சக்கர நாற்காலி வாங்கவில்லை, ஆனால் வாங்க வேண்டிவந்தால்? மேல்காற்று ஜூனில் தொடங்கினால் செம்மண்ணை வாரி வீட்டுக்குள் கொட்டும். ஆகவே மேற்கே சின்ன ஜன்னல் மூன்று, கிழக்கே பெரியது ஐந்து. கிழக்கு ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியாது. ஆனால் வாடை தெரியும். இதெல்லாம் முப்பத்தோரடி நீளத்துக்குப் பதினாறடி அகலத்துக்குள், நானூற்றுத் தொண்ணூற்றாறு சதுர அடிக்குள் அடங்க வேண்டும். அதற்கு மேல் போனால் துடைக்க ஆள் இல்லை.

முதல் படத்தில் ஏழு படி இருந்தது. இரண்டாவதில் ஐந்து. ஐந்தாவது படத்தில் படியே இல்லை என்று துள்ளிப் போய்க் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டு மூன்றாம் வகுப்பு நோட்டைத் திருத்துவதுபோல் பார்த்து, அடுக்களைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டாள்.

"இது என்னது?"

"அது... ஆறு இஞ்சு எறக்கம்."

"எறக்கத்துக்கு இன்னொரு பேரு என்னது?"

நான் நோட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டேன்.

பதினான்காவது படம்தான் என்னை ஆட்டம் போட வைத்தது. பழைய துறைமுகத்துப் பக்கம் சும்மா போயிருந்தேன். ஓய்வு பெற்றவனுக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. அங்கே போனால் எண்ணுவதற்கு ஏதாவது இருக்கும், அவ்வளவுதான். தீவுக்குப் போகிற தோணி ஒன்று கரையில் கட்டியிருந்தது. கரைக்கும் தோணிக்கும் நடுவில் ஒரு பலகை. அதன்மேல் வெங்காய மூட்டையோடு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பலகைக்குக் கீழே தண்ணீர் எத்தனை ஆழம் என்று அவர்கள் யாரும் கவலைப்படவில்லை. எழுபத்தாறு மூட்டை வரை எண்ணினேன். எழுபத்தேழாவது மூட்டை பலகையின் நடுவில் இருந்தபோது எனக்கு மண்டைக்குள் விளக்கு எரிந்தது.

வீடு ஏன் சரிவுக்கு இறங்கிப் போக வேண்டும்? சரிவு அதுபாட்டுக்குக் கீழே போகட்டும். வீட்டின் தரை ரோட்டு மட்டத்திலேயே நிற்கட்டும், கால்களின் மேல். கேட்டிலிருந்து வாசலுக்கு ஒரு பலகைப் பாலம். பாலம் பதினேழடி. வீட்டின் வடக்கு ஓரத்துத் தூண் தரைக்கு மேலே ஒன்றரை அடி, அடுத்த வரிசை இரண்டரை, மூன்றரை, நாலரை, கடைசி வரிசை ஐந்தரை. வரிசைக்கு மூன்று வீதம் பதினைந்து தூண். கடைசி வரிசைக்குக் கீழே நான் நிமிர்ந்து நடக்கலாம். என் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம், இரண்டு அங்குலம் மிச்சம்!

அறுபத்தொன்பது வயதில் அந்த முப்பத்தெட்டுப் படியை ஓடி ஏறினேன். மூச்சு வாங்கியதில் ஐந்து நிமிடம் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவள் பயந்து தண்ணீர் கொடுத்தாள். படத்தைக் காட்டினேன். தேடினாள், தேடினாள், வட்டம் போட இடமே இல்லை.

"நிலைவாசல் எங்க?" என்றாள்.

அதில் மாட்டிக்கொண்டேன். நிலைக்கு அடிக்கட்டை இல்லாமல் வீடு உண்டா? அதில்தானே மஞ்சள் பூசிப் பொட்டு வைப்பார்கள்? ஆனால் அடிக்கட்டை இரண்டரை அங்குலம் எழும்பி நிற்கும். படி வேண்டாம் என்றவளுக்கு அடிக்கட்டை வேண்டும். அதுவும் காலில் தட்டாத அடிக்கட்டை. அதற்கு மட்டும் ஒன்பது படம் வரைந்தேன். ஆக இருபத்து மூன்று.

வீடு கட்டுகிற ஆசாரிகள் இருவர் படத்தைப் பார்த்தார்கள். ஒருவர், "சுவரும் மரத்துலயா?" என்று கேட்டுவிட்டு டீ குடித்துப் போனார். இன்னொருவர் டீயும் குடிக்கவில்லை. அப்போதுதான் ஓடாவியின் நினைவு வந்தது. தோணி கட்டுகிற ஆசாரியை எங்கள் கரையில் ஓடாவி என்போம். கீழவைப்பார் பக்கத்து ஆள் ஒருவர், நாற்பத்தொரு வயது, கையில் இரண்டு போன், இரண்டும் அடித்துக்கொண்டே இருக்கும். தோணி வேலைக்கு நடுவே மூன்று மாத இடைவெளி இருக்கிறது என்றார். நோட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார், பிறகு நேராக.

"வீடுன்னு சொல்லுதீய அண்ணாச்சி. இது ஓடாத தோணிலா?"

"ஓடாம இருக்கணும்யா. அதான் முக்கியம்."

"அதுக்கு நான் பொறுப்பு. இதுவரைக்கும் எங்கையில கட்டுனது எல்லாம் ஓடிருக்கு. இது ஒண்ணு நிக்கட்டும்."

நிலையின் அடிக்கட்டையைப் பற்றி நான் ஒன்பது படத்தையும் விரித்தேன். அவர் பார்க்கவே இல்லை. "தரைக்குள்ள எறக்கி, மேல்முகத்தத் தரையோட சேத்து இழைச்சுட்டாப் போச்சு. மஞ்சளும் பூசலாம், காலும் தட்டாது" என்றார். ஒன்பது படத்தையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மழைக்காலம் முடிந்து, கார்த்திகைக் கடைசியில் வேலை தொடங்கியது. தூணுக்கு வைரம் பாய்ந்த பழைய பனை. உத்தரத்துக்கும் தரைக்கும், பிரித்துப்போட்ட தோணி ஒன்றின் அயினி மரப் பலகை. உப்புத் தண்ணீர் குடித்த பலகையைக் கரையான் சீண்டாது என்று ஓடாவி சொன்னார். நான் அதை நான்கு பேரிடம் கேட்டு உறுதி செய்தேன். மூன்று பேர் ஆமாம் என்றார்கள். நான்காமவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு நாள் யோசித்தேன். சுவருக்குத் துறைமுகத்தில் இறங்கிய பைன் பலகை. அந்த லாரி வந்து நின்று, கட்டுகளை இறக்கியபோது, வழக்கப்படி கோடு போட்டு எண்ணினேன். நானூற்றுப் பன்னிரண்டு. எண்ணி முடித்துக் கையெழுத்துப் போடத் தாளை நீட்டினார்கள். 'சரக்குப் பெற்றவர்' என்ற இடத்தில் முதல்முறையாக என் கையெழுத்து. அன்றைக்கு நான் லாரிக்காரருக்கு இரண்டு டீ வாங்கிக் கொடுத்தேன், ஒரே ஆளுக்கு.

தேரி மண்ணில் தூண் நிற்க வேண்டுமே. பதினைந்து குழிக்கும் கான்கிரீட் போட்டோம். மரவீட்டுக்கு இருபத்தாறு மூட்டை சிமெண்ட். மச்சினன் தானே வண்டியோடு வந்து இறங்கினான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. "மரவீடு, மரவீடுன்னீய. கடைசில கால் நிக்குறது எங்கடைச் சிமெண்ட்டுலதான் அத்தான்" என்று எட்டு முறை சொன்னான். ஒன்பதாவது முறை ஓடாவி, "ஆமா, நங்கூரமும் கடல் மண்ணுலதான் நிக்கும். அதுக்காவ மண்ணா தோணி?" என்றார்.

நான் தினம் பஸ்ஸில் போய் வந்தேன். ஆணி எண்ணினேன். ஓடு எண்ணினேன், ஆயிரத்து இருநூற்று முப்பத்தாறு. தரைப்பலகையின் இணைப்புகளில் எல்லாம் பஞ்சு திணித்து, குங்கிலியம் காய்ச்சி ஊற்றி அடைத்தார்கள். எறும்பு வராது என்று மகிழ்ந்தேன். தரை சுவரைத் தொடுகிற இடத்தில், கிழக்கே ஏழு, மேற்கே ஏழு, விரல் நுழைகிற ஓட்டைகள் போட்டார்கள். "இது எதுக்குய்யா?" என்றேன். "தண்ணி போகணும்லா" என்றார் ஓடாவி. நோட்டில் எழுதினேன்: ஓட்டை, பதினான்கு. தினமும் சாயங்காலம் குழாயைப் பிடித்து மட்டமும் பார்த்தேன். கேட்டிலிருந்து பாலம், பாலத்திலிருந்து வாசல், வாசலிலிருந்து தெற்குச் சுவர். நாற்பத்தெட்டடிக்கும் நூல் பிசகவில்லை. ஒவ்வொரு நாளும் 'பூஜ்யம்' என்று எழுதி அடிக்கோடிட்டேன். அத்தனையும் வடக்கு தெற்காக. சரிவு அந்தப் பக்கம்தானே போகிறது? கிழக்கு மேற்காக ஒரு நாளாவது அந்தக் குழாயைத் திருப்பிப் பிடிக்க வேண்டும் என்று எண்ணிப் பிழைத்த இந்த மண்டைக்குத் தோன்றவே இல்லை.

2025 பிப்ரவரி 10, திங்கட்கிழமை, பால் காய்ச்ச நாள் குறித்தோம். மாடி வீட்டுச் சாவியை மறுநாளே கொடுத்துவிடுவதாக வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. அவள் அந்த ஏழு மாதமும் கீழே இறங்கவே இல்லை. காய்கறிக்கு மாடியிலிருந்து கயிற்றில் கூடை விடுவாள். ஒன்பதாம் தேதி மாலை நான்கு இருபதுக்கு, வீட்டின் நடுவில் நின்றுகொண்டு, பூஜைச் சாமான் பையைக் கீழே வைத்தேன். பை கிழிந்தது. ஒன்பது எலுமிச்சம்பழம் வெளியே வந்தன.

ஐந்து கிழக்கே உருண்டன. நான்கு மேற்கே உருண்டன. ஒன்றுகூட நடுவில் நிற்கவில்லை.

பொறுக்கிக்கொண்டு வந்து மறுபடி வைத்தேன். இந்த முறை நான்கு கிழக்கே, ஐந்து மேற்கே. எனக்குத் தலை சுற்றியது. பழம் சுற்றியதில் பாதி வேகத்திலாவது சுற்றியிருக்கும். நூலை எடுத்துச் சுவருக்குச் சுவர் இழுத்துப் பிடித்தேன். தரை நடுவில் மாட்டு முதுகுபோல் எழும்பி, இரண்டு பக்கமும் சரிந்திருந்தது. வெளியே பாலத்தின் கைப்பிடியை இழைத்துக்கொண்டிருந்த ஓடாவியைக் கூப்பிட்டேன்.

"ஏய்யா, தரை நடுவுல எழும்பி நிக்கே!"

"ஆமா அண்ணாச்சி. ரெண்டே கால் இஞ்சு. நல்லா வந்திருக்குல்லா?"

"நல்லா வந்திருக்கா?"

"பின்ன? தட்டையா அடிச்சா மழைத் தண்ணியும் அலைத் தண்ணியும் எங்கன போகும்? நடுவுல நின்னு பலகைய ஊறப்போட்டுரும்லா. அதுக்குத்தான ரெண்டு பக்கமும் ஓட்டை."

"வீட்டுக்குள்ள எங்கய்யா அலை வருது?"

அவர் என்னைப் பார்த்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். பிறகு மெதுவாக, ஏதோ புதிதாக முளைத்ததைப் பார்ப்பதுபோல், தலையைத் தூக்கி மேலே பார்த்தார்.

"மாதாவே" என்றார். "மேல ஓடு இருக்குல்லா."

"நீருதானய்யா போட்டீரு!"

"நான்தான் போட்டேன். இருவத்திரெண்டு வருசமாத் தோணிக்குத் தளம் அடிக்கேன் அண்ணாச்சி. கை அதும்பாட்டுக்குப் போயிருக்கு."

தரையைத் தாங்கும் உத்தரங்களையே நடு உயரமாகச் செதுக்கியிருந்தார், பதினேழு உத்தரம். அதன்மேல் அறுபத்து நான்கு பலகை. அதன்மேல் சுவர். பிரித்துச் சேர்க்க ஒரு மாதம் ஆகும். விடிந்தால் பால் காய்ச்ச வேண்டும்.

எனக்கு வந்த பயத்தைச் சொல்லி முடியாது. அவள் கைத்தடியோடு உள்ளே வருகிறாள், தடி சரிவில் வழுக்குகிறது, முட்டு மடங்குகிறது. அல்லது வழுக்கவே இல்லை, கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, "இது என்னது?" என்று கேட்கிறாள். சரிவுக்கு இன்னொரு பேர் என்ன என்று கேட்கிறாள். முப்பத்தெட்டுப் படியைக் கடைசியாக இறங்கிவிட்டு வந்தவளுக்குத் திரும்பிப் போக மாடியும் இல்லை. போனை எடுத்தேன், சொல்லிவிடுவது என்று.

"எல்லாம் சரியா இருக்கா?" என்றாள்.

"சரியா இருக்கு."

"படி?"

"இல்ல."

"அப்ப வேற என்ன வேணும்" என்று வைத்துவிட்டாள். அவள் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் எந்த மூலையில் வைப்பேன்?

ஓடாவியும் நானும் ஒரு சதி செய்தோம். வாசலிலிருந்து அடுக்களை வரை நடு முதுகின்மேல் பாயாக விரித்தோம், ஆறு பாய். எல்லோரும் பாயிலேயே நடக்க வேண்டும் என்று நான் சொல்வேன். கேட்டால் பாலீஷ் காயவில்லை என்பேன். உருளுகிற சாமான் எதையும் கீழே வைக்கக்கூடாது. அடுப்பு மேடையைத் தட்டிப் பார்த்தேன். கால் நான்கும் ஒரே அளவு. ஆகவே மேடையும் தரையோடு சேர்ந்து கிழக்கே சாய்ந்திருந்தது. அதற்கு ஒன்றும் செய்ய நேரமில்லை.

காலையில் அவள் படி இறங்கினாள். இருபத்தாறு நிமிடம். ஒவ்வொரு படியையும் சத்தமாக எண்ணிக்கொண்டே இறங்கினாள், என்னைக் கேலி செய்யத்தான். "முப்பத்தெட்டு. நோட்டுல எழுதிக்கிடுங்க" என்று ரோட்டில் காலை வைத்தாள். இருநூற்று இருபத்திரண்டு நாள் கழித்து அவள் கால் தரையைத் தொட்டது. நான் எழுதவில்லை. கார்க் கதவைத் திறந்து பிடித்தேன்.

தோட்டத்து கேட்டில் கார் நின்றது. பாலத்தில் இரண்டு பக்கமும் கைப்பிடி. பதினேழடியையும் அவளே நடந்தாள். மகளும் பேத்திகளும் பின்னால். கீழே கொல்லாமரம் பூத்திருந்தது. நிலையருகே வந்து, மஞ்சள் பூசிய அடிக்கட்டையைத் தடியால் தடவினாள். தடி எதிலும் முட்டவில்லை.

"தட்டலியே" என்றாள்.

"தட்டாது" என்றேன். "பாயில வா. பாலீஷ் காயல."

பாயிலேயே வந்தாள். முப்பத்தோரடியும் வந்து, அடுக்களை ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அடுப்பைப் பற்றவைத்து, பால் பானையை ஏற்றினோம். மரவீட்டில் நெருப்பாயிற்றே என்று பக்கத்தில் இரண்டு வாளி மணல் வைத்திருந்தேன். அதுவரை எல்லாம் திட்டப்படி. அப்போது மச்சினன் தேங்காயைத் தட்டில் வைக்கப் போனான். தட்டில் இடமில்லை. தேங்காயைக் கீழே வைத்தான்.

தேங்காய் ஒரு நொடி யோசித்தது. பிறகு மேற்கே புறப்பட்டது. நிதானமாக, கடகடவென்று, எட்டடி தூரத்தையும் கடந்து சுவரில் போய் 'டங்' என்று முட்டியது. பேத்திகள் கைதட்டினார்கள். மச்சினன் பாயை விட்டு இறங்கி நின்று, காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் பார்த்தான்.

"அத்தான்! ஒங்க வீடு சாயுது!"

"சாயல" என்றேன்.

"இந்தப் பக்கம் சாயுது. இரிங்க... அந்தப் பக்கமும் சாயுது! எங்கன நின்னாலும் சாயுது!"

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஓடாவியைப் பார்த்தேன். ஓடாவி மறுபடியும் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். அந்த நேரத்தில் பால் பொங்கியது. சாய்ந்த மேடைமேல், சாய்ந்த அடுப்பில், சாய்ந்த பானையில் பொங்கிய பால் வேறு எந்தத் திசைக்குப் போகும்? நேராகக் கிழக்கே வழிந்தது, சொட்டுகூட மற்ற மூன்று பக்கமும் போகாமல். கிழக்கே பொங்கினால் அந்தக் குடும்பத்துக்குக் குறைவே வராது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மச்சினன் மனைவி குலவையிட்டாள். எல்லோரும் குலவையிட்டார்கள். மச்சினன்கூடக் குலவையிட்டான், பிறகு வெட்கப்பட்டு நிறுத்தினான்.

அவள் மட்டும் அசையவில்லை. குலவை ஓய்ந்ததும், "இது ஏன் இப்படி?" என்று ஓடாவியைக் கேட்டாள்.

அவர் ஒளிக்கவில்லை. அலைத்தண்ணீர், தளம், ஓட்டை, ஓடு, எல்லாவற்றையும் சொன்னார். "தப்பு என் கையோடது அம்மா. அண்ணாச்சி மேல ஒண்ணுமில்ல. பிரிச்சுச் செஞ்சு தாரேன்" என்றார்.

"ஒரு வாளித் தண்ணி கொண்டாங்க" என்றாள்.

கொண்டுவந்தோம். ஒரு பாயைச் சுருட்டச் சொன்னாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே வாளியைச் சாய்த்தாள். தண்ணீர் நடு முதுகில் விழுந்து, இரண்டாகப் பிரிந்து, பாதி கிழக்கும் பாதி மேற்குமாக ஓடி, பதினான்கு ஓட்டையில் எது அருகில் இருந்ததோ அதில் புகுந்து மறைந்தது. கீழே மண்ணில் சொட்டும் சத்தம் கேட்டது. ஒரு நிமிடத்தில் தரையில் ஈரம் மட்டும் பளபளத்தது. தேங்கல் எங்கும் இல்லை. அவள் குனியவும் இல்லை, எழவும் இல்லை.

"நாப்பத்திரெண்டு வருசமா" என்றாள், என்னைப் பார்த்து, "ஒங்க வாடகை வீட்டுத் தரைய எல்லாம் குனிஞ்சு குனிஞ்சு தொடச்சு, தண்ணிய வாசலுக்குத் தள்ளித் தள்ளித்தான் என் முட்டு போச்சு. தண்ணி தானாப் போற வீட்ட இன்னைக்குத்தான் பாக்கேன்." பிறகு ஓடாவியிடம் திரும்பினாள். "இந்தத் தரையில யாராவது உளிய வச்சா நடக்குறதே வேற. ஒங்களையும் சேத்துத்தான் சொல்லுதேன்."

"சரிம்மா" என்றார் அவர், மூன்றாம் வகுப்புப் பையனைப்போல்.

"அப்போ நீங்க" என்று என் பக்கம் திரும்பினாள். "பாலீஷ் காயலன்னீயளே?"

நான் வாளியை எடுத்துவைக்கப் போனேன்.

அவள் இன்று வரை நடு முதுகில்தான் நடக்கிறாள், தண்டவாளத்தில் ரயில் போவதுபோல். விழுந்ததில்லை. நான் இரண்டு முறை விழுந்தேன். கட்டிலில் படுத்தவர்கள் சுவர்ப்பக்கம் உருண்டதால் நான்கு கட்டிலிலும் நடுப்பக்கத்துக் கால்களைக் குறைத்தோம், எட்டுக் கால். சாப்பாட்டு மேசையில் இரண்டு கால். ஓடாவி காசு வாங்காமல் செய்கிறேன் என்றார். அவர் உளியோடு உள்ளே வர அவள் விடவில்லை. சாத்தான்குளத்து ஆசாரி ஒருவர் கட்டிலை வெளியே எடுத்துப் போட்டு அறுத்துக் கொடுத்தார், காலுக்கு எண்பது ரூபாய். அடுப்பு மேடையை அப்படியே விட்டுவிட்டோம். பால் எப்போது பொங்கினாலும் கிழக்கேதான் பொங்குகிறது. மரம், ஓடு, ஆணி, கூலி, மச்சினனின் இருபத்தாறு மூட்டை, எல்லாம் சேர்த்துப் பதினோரு லட்சத்து எண்பத்தேழாயிரத்து நானூற்று ஐம்பது. அறுத்த பத்துக் காலுக்கு எண்ணூறு. ஆகமொத்தம், பதினோரு லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய்.